மூடுபலகைக்குப் பின்னால்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் அந்தப் பக்கத்தில் ஒருவரும் வழி காட்ட மாட்டார்கள். "உலுக்கி வீடு எது?" என்று கேட்க வேண்டும். உடனே கையை நீட்டிக் காட்டுவார்கள், கூடவே ஒரு சிரிப்பும் வரும்.

வீடுகளுக்கு முன்னாலும் பின்னாலும் மரத்தளம் போட்டு, சுற்றிலும் கொசுவலை அடைத்து, மேலே கூரை வேய்ந்து கொடுப்பது அவர் தொழில். காற்று வரும், பூச்சி வராது. மழை பெய்தாலும் உள்ளே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். யார் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே படிக்கட்டுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுவார். கல்யாணப் பேச்சுக்காக மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்றும் அப்படித்தான் செய்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. "மாப்பிள்ளை பொண்ணு கேக்க வந்தாரா, வீட்டப் பிரிக்க வந்தாரா?" என்று மாமனார் கேட்டார். உலுக்கி பதில் சொல்லாமல் சுத்தியல் கேட்டார். அதைச் சரிசெய்து முடித்த பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது. பெண்ணும் அப்போதே மனசுக்குள் சம்மதித்துவிட்டாளாம். பிற்பாடு அவளே சொன்னது.

இந்தப் பழக்கம் அவருக்குச் சும்மா வந்ததல்ல. தொழிலுக்கு வந்த புதிதில், அவர் வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மாடித்தளம் விழுந்தது. ஒரு குடும்பமே ஃபோட்டோ எடுத்துக்கொள்வதற்காக ஓரமாக நெருக்கி நின்றிருக்கிறது. மரம் ஒடிந்த சத்தமே வரவில்லை. ஆணியைப் பிடுங்கும்போது வருமே ஒரு கிறீச்சென்ற சத்தம், அது மட்டும்தான். பிறகு அலறல். ஓடிப்போய்ப் பலகைகளைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். சுவரோடு தளத்தைப் பிடித்திருந்த பலகை முழுசாகக் கிடந்தது. அதிலிருந்த ஆணிகளும் முழுசாக இருந்தன, வளையக்கூட இல்லை. சுவரை விட்டு நேராக வெளியே வந்திருந்தன. போல்ட் போட வேண்டிய இடத்தில் எவனோ ஆணியோடு நிறுத்திவிட்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு அவர் எந்தச் சுவர்ப்பலகையையும் ஆணியை நம்பி விட்டதில்லை. துளை போட்டு, போல்ட்டைச் சுவருக்குள் அனுப்பி, வாஷரும் நட்டும் வைத்து, முழங்கை வலிக்கும்வரை முறுக்குவார். தளத்தைத் தாங்கும் தூண்களுக்கடியில் கான்கிரீட்டை ஆழமாக இறக்குவார். வாடிக்கையாளர்கள் பொறுமை இழந்து, "என்னங்க, யானையா கட்டப் போறோம்?" என்று கேட்டால், "உங்க சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே நேரத்துல வந்து நின்னா?" என்பார். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார்.

மச்சினன் அவரோடு வேலைக்குச் சேர்ந்தது பின்னால் நடந்தது. மனைவியின் தம்பி, படிப்பு ஏறவில்லை, ஆனால் கை ஓடியது. உலுக்கி ஒரு சட்டத்தை அளந்து, யோசித்து, மறுபடி அளந்துகொண்டிருக்கும்போது அவன் அறுத்து முடித்துப் பொருத்தியிருப்பான். பொருந்தியும் இருக்கும். அதுதான் உலுக்கிக்குக் கொஞ்சம் உறுத்தல். இவர் வாயைத் திறந்தால் எச்சரிக்கைதான் வரும். அவன் வாயைத் திறந்தால் வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். இரண்டு பேரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டு, ஒரே வண்டியில் போய்வந்து, வருஷக்கணக்காக ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸம்மாவின் வேலை வந்த சமயத்தில் உலுக்கி ஒரு பள்ளிக்கூடத்து வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். நர்ஸம்மா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் பஸ் ஓட்டியவர். வாழ்நாளெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தில் காற்றை வாங்கியவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. சக்கர நாற்காலியில் நாள் முழுவதும் அறைக்குள்ளேயே இருந்தார். வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து இறங்கியது; சமையலறைக் கதவைத் திறந்தால் ஓர் ஆள் உயரத்துக்குப் பள்ளம். அந்தக் கதவோடு மட்டமாக, இடையில் ஒரு படிகூட இல்லாமல், நாற்காலி அப்படியே உருண்டு போகிற மாதிரி வலையடைத்த கூடம் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள்.

"நீ போ. தனியா செஞ்சு பழகு," என்று உலுக்கி மச்சினனை அனுப்பிவைத்தார்.

அவன் வேலையை ஆரம்பித்த பிறகு அடிக்கடி கூப்பிட்டான். "அத்தான், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. சுவர்ப்பலகை போட்டுட்டேன். மூடறதுக்குள்ள நீங்க பாத்துட்டா நல்லாயிருக்கும்." உலுக்கி நாளைக்கு வருகிறேன் என்றார். மறுநாளும் அதையே சொன்னார். பள்ளிக்கூடத்து வேலை இழுத்துக்கொண்டே போனது என்பது உண்மைதான். ஆனால் சாயங்காலம் திரும்பும் வழியில் அந்தத் தெருமுனையைத் தாண்டித்தான் அவர் வண்டி போனது என்பதும் உண்மை.

வேலை முடிந்ததும் பேச்சு பரவியது. கடையில் நர்ஸம்மாவைப் பார்த்தபோது அவர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "உங்க மச்சினன் கை இருக்கே, உங்களையே தூக்கிச் சாப்பிட்டுடும் போல. என் வீட்டுக்காரர் காலையில போய் உக்காந்தா சாப்பாட்டுக்குக்கூட உள்ள வரமாட்டேங்குறாரு." உலுக்கியும் சிரித்தார். அடுத்த வாரம் வேறொரு வீட்டுக்காரர் வேலை பேச வந்தார். எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது, தயங்கித் தயங்கி, "நர்ஸம்மா வீட்டுல செஞ்சாரே, அவரையே அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். அதற்கும் உலுக்கி சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது குழம்பில் உப்பு இல்லை என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

நர்ஸம்மா அக்கம்பக்கத்தாரைப் புதுக் கூடத்துக்கு டீ குடிக்கக் கூப்பிட்டார். உலுக்கியும் போனார். பிற்பகல் வெயில் வலை வழியாகச் சலித்து விழுந்துகொண்டிருந்தது. டிரைவர் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல கையை மட்டும் ஸ்டியரிங் பிடிப்பதுபோல வைத்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் "ஏறுங்க, ஏறுங்க, உள்ள இடமிருக்கு" என்று குழறிய நாக்கோடு வரவேற்றார். எல்லாரும் சிரித்தார்கள். மச்சினன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தட்டில் டீ கொடுத்துக்கொண்டிருந்தான்.

உலுக்கி நேராகப் போய், வெளியே சரிவுக்கு இறங்கும் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தார். ஓர் உலுக்கு. மூலைத்தூண் லேசாக ஆடியது.

பேச்சு நின்றது. எல்லாருக்கும் அவரைத் தெரியுமே. அவர் குனிந்து, கதவுக்குக் கீழே சுவரை ஒட்டிய பலகையைப் பார்த்தார். வரிசையாக ஆணித்தலைகள்.

"இது என்ன?"

"அது மூடுபலகை, அத்தான்," என்று மச்சினன் தட்டை வைத்துவிட்டு வந்தான். "மழைத்தண்ணி உள்ள இறங்கக் கூடாதுன்னு தகடு வெச்சிருக்கேன். அதுக்கு மேல பார்வைக்கு ஒரு பலகை, அவ்வளவுதான். போல்ட் எல்லாம் பின்னால இருக்கு."

"இருந்தா கண்ணுல படணுமே?"

"கழட்டிக் காட்டட்டுமா? இப்பவே காட்டறேன்."

அந்த இடத்தில் உலுக்கி "சரி, காட்டு" என்று சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு சொல் ஏன் தன் வாயில் வரவில்லை என்று பிற்பாடு அவர் தன்னையே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டார். அன்று வந்தது வேறு.

"ஒழுங்கா வேலை செஞ்சவன் எதுக்குடா மூடி மறைக்கணும்?"

மச்சினனின் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. உலுக்கி அவனைப் பார்க்காமல் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்: "முதல்ல அவர உள்ள கொண்டு போங்க. மத்தவங்களும் ஒவ்வொருத்தரா இறங்குங்க. கூட்டமா நிக்காதீங்க."

நர்ஸம்மா ஓடி வந்தார். நாற்காலியைத் திருப்பினார். டிரைவர் கதவுச் சட்டத்தை நல்ல கையால் பிடித்துக்கொண்டு, "வேணாம், வேணாம்" என்றார். அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துத்தான் உள்ளே தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?" என்று நர்ஸம்மா மச்சினனைக் கேட்டார்.

"அத்தான் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்," என்றான் அவன். இடுப்பிலிருந்த அளவு டேப்பை எடுத்து டீ கோப்பைகளுக்கு நடுவில் வைத்தான். படியிறங்கிப் போய்விட்டான்.

வாரம் முடிவதற்குள் அவன் வேறு ஊரில் ஒரு கதவுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அக்காவிடம் ஃபோனில்தான் சொன்னான். "நல்ல வேலைக்கா" என்றானாம். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

உலுக்கி கூடத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். வலையை எடுத்தார், கூரையை இறக்கினார், தளப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கிளப்பினார். பாரத்தை முதலில் இறக்கிவிட்டுத்தான் சுவருக்கு வர வேண்டும், அதுதான் முறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூடுபலகையை முதலில் கழற்றிப் பார்த்தால் என்ன என்று தோன்றாமல் இல்லை. தோன்றிய ஒவ்வொரு தடவையும் கை வேறொரு பலகைக்குப் போனது. சில பலகைகள் வர மறுத்தன; அவ்வளவு இறுக்கம். கடப்பாரை போட்டு நெம்பியதில் பல பிளந்துபோயின.

எல்லாம் தரைக்கு வந்த பிறகு, மிஞ்சி நின்ற மூடுபலகையை நெம்பினார்.

தகடு, மேல் விளிம்பு சுவருக்குள் செருகி, கீழ் விளிம்பு வெளியே மடங்கி, பார்க்க அத்தனை ஒழுங்காக இருந்தது. அதைத் தூக்கினால் சுவர்ப்பலகை. அதில் மேலொன்று கீழொன்றாக, கடைசிவரை, போல்ட்டுகள். ஒவ்வொன்றுக்கும் அகலமான வாஷர். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் தங்காமல் இருக்க, காற்றுப் போக விரலளவு இடைவெளிகூட விட்டிருந்தான். அது உலுக்கி சொல்லிக் கொடுத்ததல்ல. அவனே யோசித்தது. ஸ்பேனரைப் போட்டு ஒரு நட்டைத் திருப்பப் பார்த்தார். அசையவில்லை.

அப்புறம் அடிச்சட்டத்தோடு சேர்த்தே இறக்கிவைத்திருந்த மூலைத்தூணைப் போய்ப் பார்த்தார். மரம் காய்ந்து சுருங்கியதில் அதன் அடி நட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தது. புது மரத்தில் எப்போதும் நடப்பதுதான். அவர் போட்ட தளங்களிலும் நடந்திருக்கிறது. மறுபடி போய் ஒரு திருகு திருகிவிட்டு வருவார்.

அவர் அந்தச் சரிவில் பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். சமையலறை ஜன்னலிலிருந்து நர்ஸம்மா, "என்னங்க, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். உலுக்கி ஏறிட்டுப் பார்த்தார். "சீக்கிரம் திருப்பிப் போட்டுத் தந்துடறேன்மா" என்றார்.

சீக்கிரம் போட முடியவில்லை. பிளந்த பலகைகளுக்குப் பதில் மரம் வர வேண்டியிருந்தது. மரம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சரிவில் மண் குழைந்து காலே வைக்க முடியவில்லை. அந்த மழையில் டிரைவருக்கு இன்னொரு தடவை பக்கவாதம் வந்தது. படுக்கையோடு படுக்கையாகிவிட்டார். உலுக்கி நல்ல வெயில் வந்த நாளில் கூடத்தை முடித்துக் கொடுத்தபோது, உருட்டிக்கொண்டு போக நாற்காலியில் ஆளில்லை.

இதையெல்லாம் அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தம்பி ஊரை விட்டுப் போனதில் அவளுக்கு வருத்தம் இருந்தது. ஆனாலும் புருஷன் மரவேலையில் ஒரு சொல் சொன்னால் அது சரியாக இருக்கும் என்று நம்பிப் பழகியவள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "ஏங்க, என் தம்பி போல்ட் போட்டிருந்தானா, இல்லையா?"

உலுக்கி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"போட்டிருந்தான்."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"பிரிக்கும்போதே."

"பிரிக்கும்போதேவா? இத்தனை நாளா அவன்கிட்ட ஃபோன்ல, 'அத்தான் சொல்றதக் கேட்டு நடந்திருந்தா இப்படி ஆயிருக்குமா'ன்னு நான் புத்தி சொல்லிட்டு இருந்திருக்கேங்க. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல அவன்." அவள் எழுந்து உள்ளே போனாள். மடித்த துணியெல்லாம் கட்டிலிலேயே கிடந்தது. உலுக்கிதான் எடுத்து வைத்தார். எந்த அடுக்கில் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றி வைத்தார்.

மறுநாள் நர்ஸம்மா வீட்டுக்குப் போனார். டிரைவர் போய்ச் சேர்ந்து அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. கூடத்துக் கதவு தாழ் போட்டிருந்தது. அவர் நின்றுகொண்டே சொன்னார். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. பொறாமையையும் சேர்த்தே சொன்னார். "பயந்துதான் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்மா. பயம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் வேற."

நர்ஸம்மா தாழ் போட்ட அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு அழுகையும் கோபமும் இல்லாத குரலில் சொன்னார்: "கடைசி வரைக்கும் அவரு அந்தக் கொஞ்ச நாளப் பத்தித்தான் பேசிட்டிருந்தாரு. 'எப்ப வெளிய போலாம், எப்ப வெளிய போலாம்'னு. நான் என்ன சொல்வேன் தெரியுமா? 'அது ஆபத்துங்க, நல்லவேளை அவர் வந்து கண்டுபிடிச்சாரு'ம்பேன். தினமும் உங்களுக்கு நன்றி சொல்லிட்டிருந்தேங்க நான்."

உலுக்கி தலை குனிந்து நின்றார். உட்காருங்கள் என்று நர்ஸம்மா சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நர்ஸம்மா, "அந்தத் தம்பிகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க," என்றார். "அன்னிக்கு நானாவது கழட்டிக் காட்டச் சொல்லியிருக்கணும். உங்க பேருக்குப் பயந்துட்டேன்."

அன்று டீ குடிக்க வந்திருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போனார். சிலருக்கு அந்த நாளே மறந்துபோயிருந்தது. "அட, அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க, விடுங்க" என்றார்கள். அப்படிச் சொன்ன வீடுகளிலிருந்து வெளியே வருவதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கடைசியாகப் பஸ் ஏறி மச்சினனிடம் போனார். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே வீடு. சின்ன வீடுதான், துப்புரவாக இருந்தது. மச்சினன் வேலை முடிந்து, தலைமுடியெல்லாம் மரத்தூளாக வந்தான். அவரைப் பார்த்ததும் ஒரு நொடி நின்று, "வாங்கத்தான்" என்றான். உள்ளே போய்க் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தெரியும் அத்தான்."

"என்ன தெரியும்?"

"நீங்க பிரிச்சீங்கள்ல? பிரிச்சா பாத்திருப்பீங்க." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பாத்ததும் கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன். ஃபோன் அடிச்சாலே ஓடிப் போய் எடுப்பேன். மெஷின் சத்தத்துல கேக்காதுன்னு சட்டைப் பையிலயே வெச்சிருப்பேன். அப்புறம் அந்தப் பழக்கம் தானா விட்டுப்போச்சு."

உலுக்கிக்குக் கண் கலங்கியது. "தப்பு பண்ணிட்டேன்டா. வந்துடு. இனிமே உன் பேர்லயே வேலை நடக்கட்டும். நான் பின்னால நிக்கறேன்."

மச்சினன் தலையசைத்தான். அது மறுப்பு என்று புரிய உலுக்கிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கோபமெல்லாம் இல்லத்தான். சத்தியமா இல்ல. ஆனா இங்க சேந்த புதுசுல ஒருத்தர் வீட்டுல தளம் போடக் கூப்பிட்டாங்க. போனேன். போல்ட்ட முறுக்கினேன். முறுக்கிட்டு, சரியா இருக்கான்னு மறுபடி வந்து பாத்தேன். வீட்டுக்கு வந்தப்புறமும் சந்தேகம், திரும்பப் போய்ப் பாத்தேன். அந்த வீட்டுக்காரங்களே ஒரு மாதிரியாப் பாத்தாங்க. என் கை மேல எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. மெஷின்னா பரவாயில்ல. அளவு வெச்சா அதுவே அறுக்குது."

நர்ஸம்மா சொன்னதை உலுக்கி சொன்னார். டிரைவர் போன செய்தி அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மச்சினன் மனைவி சாப்பாடு எடுத்துவைத்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பஸ் நிலையம் வரை அவன் கூட வந்தான். "அக்காவ ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றான். பஸ் நகர்ந்ததும், ஜன்னல் வழியாக, அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்து போவது தெரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் இடையில் போக்குவரத்து ஏற்பட்டது. உலுக்கியின் மனைவிக்குப் பாதி ஆறுதல். குழந்தைகளின் பள்ளிக்கூடம், யாருடைய உடம்புக்கு என்ன, மழை எப்போது என்று அத்தானும் மச்சினனும் சகஜமாகத்தான் பேசிக்கொள்கிறார்கள், சிரிக்கவும் செய்கிறார்கள். பேச்சு எப்போதாவது மரத்துப் பக்கம் திரும்பிவிட்டால் மட்டும் இரண்டு பேரில் ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போவார். பெரும்பாலும் உலுக்கிதான்.